கிடார் எங்கே?

ராக் குழுவில் கிடார் வாசித்துக் கொல்கத்தாவையே ஆடவைத்தவர் அவர். அன்று டாலிகஞ்ச் அரங்கில் கிடாரைத் தொடவே இல்லை. தானே எழுதிய இசையை வயலின், செல்லோ, புல்லாங்குழல் என்று ஒரு பெரிய வாத்தியக் குழுவை வைத்து நடத்தினார். நரைத்த முடியைப் பின்னால் முடிந்திருந்தார். கைகள் குழுவை நடத்த, வலது கால் மட்டும் பழைய பழக்கத்தில், கிடாரின் ஒலியை மாற்றும் பெடலை, அது அங்கே இல்லாதபோதும், மிதித்துக்கொண்டே இருந்தது.

பாதிப் பேர் எழுந்து நின்று கைதட்டினார்கள். மீதிப் பேர், "தாதா, கிடார் எங்கே? இதென்ன கல்யாண பேண்டா?" என்று வங்காளத்தில் அண்ணன் முறை சொல்லிக் கத்தினார்கள்.

இடைவேளையில் டீக்கடையில் என் பக்கத்தில் வந்து நின்றார். கார்டன் ரீச் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்த தமிழர் என்று தெரியும். கூச்சத்தை விட்டுப் பேசினேன்.

"சார், முடிவுல ஒரே ஒரு பழைய பாட்டு கிடார்ல வாசிச்சிடுங்களேன். சத்தம் அடங்கிடும்."

"நீங்க யார் பக்கம்?"

"எனக்கு ரெண்டும் பிடிக்கும் சார்."

"நல்லா நழுவுறீங்க!" என்று சிரித்தார். "நான் கிடாரை எடுத்தப்பவும் இதே ஊர்தான் 'இதென்ன இரைச்சல்'னு கத்துச்சு. அப்ப நிறுத்தலை. இப்ப எதுக்கு நிறுத்தணும்? உள்ள இருக்கிறவங்க எனக்காக மாசக்கணக்கா ஒத்திகை பார்த்திருக்காங்க. அவங்களை வேடிக்கை பார்க்க வெச்சுட்டு நான் கிடார் வாசிக்கணுமா?"

கடைசியில் "பழைய பாட்டு! பழைய பாட்டு!" என்று அரங்கம் அதிர்ந்தது. அவர் கும்பிட்டார். பிறகு குழுவின் பக்கம் திரும்பி, அதே புதிய இசையை முதலிலிருந்து தொடங்கினார். சிலர் கோபமாக வெளியேறினார்கள்.

அவர் கைகள் கொஞ்சமும் தளரவில்லை. கால் மட்டும் பெடலை மிதித்தது. அந்தக் கால் யார் பக்கம் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.