தோன் அனஸ்தாசியோவின் சீட்டு

1996ஆம் ஆண்டு ஆகஸ்ட் 14, புதன்கிழமை. பராகுவேயில் அது குளிர்காலம்; அதன் நடுவிலும் மூன்று நாள்களாக வடக்கிலிருந்து அனற்காற்று வீசியது; சுகாதார நிலையத்தின் சன்னல்களில் செம்மண் புழுதி படிந்திருந்தது.

அங்கே பதினோர் ஆண்டுகளாக உதவிச் செவிலியாக இருந்தவர் சுனில்தா அயாலா. அவருடைய நியமனம் ஓராண்டுக்கு மட்டுமே செல்லும். ஆளுங்கட்சியின் வட்டத் தலைவர் தோன் அனஸ்தாசியோ ஒவ்வொரு டிசம்பரிலும் பரிந்துரைக் கடிதம் தந்தால்தான் அது நீளும். பராகுவேயின் எங்கள் பகுதியில் இதை எவரும் குறையாகக் கருதுவதில்லை. ஆசிரியரான என் பணிமாற்றமும் அவர் கடிதத்தால் கிடைத்ததே.

மேலும், அவர் சுனில்தாவின் மகளுக்கு ஞானத்தகப்பன். அவ்வுறவு ஏற்பட்டபின் இருவரும் ஒருவரையொருவர் கொம்பாத்ரே, கொமாத்ரே என்றே விளிப்பர். ஒருவருக்கு எதிராக மற்றவர் வாய்திறத்தல் பெரும்பாவம்.

அரசு அனுப்பும் மருந்துப் பெட்டிகள் நிலையத்துக்கு வருவதில்லை; கட்சி அலுவலகத்தில் இறங்கும். நோயாளிகள் அங்கே சென்று, தோன் அனஸ்தாசியோவிடம் சீட்டு வாங்கி, மாத்திரை பெறுவர். நன்றியை வாக்குச்சாவடியில் செலுத்துவர்.

அன்று தலைநகரிலிருந்து ஆய்வாளர் ஒருவர் முன்னறிவிப்பின்றி வந்தார். செய்தி எட்டியதும் தோன் அனஸ்தாசியோவும் மாத்தே இலையில் ஊறிய குளிர்பானக் குவளையுடன் வந்து வாசலில் நின்றார். நான் இரத்த அழுத்தம் பார்க்கக் காத்திருந்தேன். எனக்கு முன்னால், காய்ச்சல் கண்ட குழந்தையுடன் ஒரு பெண்.

ஆய்வாளர் அலமாரியைத் திறந்தார். பஞ்சும் வெப்பமானியுமே இருந்தன.

"இந்த அலமாரியில எலிகூடப் பட்டினிதான் கிடக்கும்போல. போன மாசம் நாப்பது பெட்டி அனுப்பினோமே, எங்கம்மா அதெல்லாம்?"

சுனில்தா வாசல் பக்கம் திரும்பினார்.

"கேக்குறாருல்ல, கொமாத்ரே? பயப்படாம சொல்லுங்க," என்று சிரித்தார் தோன் அனஸ்தாசியோ. "என் ஞானப்பொண்ணு செவிலியர் பள்ளிக்கு மனு போட்டிருக்காளே, அதுக்கான பரிந்துரைக் கடிதத்துல இன்னிக்குத்தான் கையெழுத்துப் போடலாம்னு இருந்தேன்."

"தீந்துபோச்சுங்க ஐயா," என்றார் சுனில்தா. "இந்த வருஷம் காய்ச்சல் ஜாஸ்தி."

'மருந்துகள் முழுவதும் வழங்கப்பட்டன' என்று சுனில்தாவே பதிவேட்டில் எழுதி ஒப்பமிட்டார்.

ஆய்வாளரின் வண்டி புறப்பட்டதும் குழந்தையின் தாய் எழுந்தாள்.

"தோன் அனஸ்தாசியோ, எனக்கு ஒரு சீட்டு..."

"சாயங்காலம் வா. உன் வீட்டுக்காரனையும் கூட்டிட்டு வா. அவன் இன்னும் கட்சியில பேர் சேக்கல பாரு!"

அவரும் சென்றபின் சுனில்தா என் கையில் பட்டையைச் சுற்றினார்.

"அந்த ஆய்வாளர் நேர்மையானவராத்தானே தெரிஞ்சாரு. அவர்கிட்ட ஏம்மா மறைச்ச?" என்று கேட்டேன்.

"அவரு இன்னிக்கே தலைநகருக்குத் திரும்பிடுவாரு, வாத்தியாரே. கடிதம் குடுக்கிறவரு இங்கதானே இருக்காரு."