அவர் பூட்ட விடாத ஃபைல்

என் வீட்டுக்காரர் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகும் ‘மீட்டர்’ என்றால்தான் தெருவில் தெரியும். வேலையில் யாரிடமும் கெட்ட பேர் வாங்காத மனிதர், வீட்டுக் கம்ப்யூட்டரால் வாங்கினார்.

அவருடைய மெயிலிலிருந்து அசிங்கமான படங்கள் எல்லோருக்கும் போயின, மகளின் மாமனார் மாமியார் உட்பட. “இந்த வயசுல இதெல்லாம் தேவையாப்பா? இங்க நான் தலை காட்ட முடியல” என்று போனில் கத்திய மகள் அதோடு அவரிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். “வைரஸ்தான்டி” என்று நான் சொன்னால், “மாட்டிக்கிட்டா எல்லாரும் அப்படித்தாம்மா சொல்வாங்க” என்பாள்.

இவரோ ஆன்டிவைரஸைப் போட்டு, சோறு தண்ணி மறந்து ஸ்கேன் பண்ணிக்கொண்டே கிடந்தார். சுத்தமாகும். மறுபடி வரும். மறுபடி யாருக்காவது அசிங்கம் போகும்.

“அந்தச் சனியனத் தூக்கிக் குப்பையில போடுங்க!”

“மெஷின் சுத்தமானாத்தான் அவ நம்புவா.”

கடைசியில் நானே ஒரு ரிப்பேர்காரரை இழுத்து வந்தேன். குடைந்து பார்த்தவர் இவரை நிமிர்ந்து பார்த்தார். “சார், ஆன்டிவைரஸ் ஒவ்வொரு தடவையும் இந்த ஃபைலப் பிடிச்சுப் பூட்டியிருக்கு. நீங்கதான் திறந்து விட்டிருக்கீங்க. இதத் தொடாதேன்னு வேற சொல்லி வச்சிருக்கீங்களே!”

அது பேரனின் படங்கள் பாட்டோடு ஓடும் ஃபைல். எங்கோ ஓசியில் கிடைத்த ஏதோ ஒரு சாஃப்ட்வேரை வைத்து மகள் செய்து அனுப்பியது.

“என் பொண்ணு அனுப்புனதுங்க. அதுல எப்படி...?”

“அதுலதான் சார் இருக்கு. அழிச்சாத்தான் போகும்.”

“கடைசியா ஒரு தடவை பாத்துக்கட்டுமா?”

“திறக்காதீங்க சார்.”

திறக்கவில்லை. அவர் கையாலேயே அழித்தார். வைரஸ் போய்விட்டது.

நான் போனை எடுத்தேன். “இப்பவே சொல்றேன். வந்ததே அவ அனுப்புனதுலதான்னு தெரியட்டும்.”

இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “வேணாம். புள்ள ஆசையா செஞ்சது. தெரிஞ்சா, மாமியார் வீட்டுல இந்த அசிங்கம் அவ தலையில விழும். என் தலையிலயே இருந்துட்டுப் போகட்டும்.”

“ஐயோ, உங்களக் கேவலமா நினைச்சுக்கிட்டே இருப்பாளே!”

“நினைக்கட்டும்.”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் போனைச் சுவரில் அடித்திருப்பேன்.

இப்போதும் மகள் என்னிடம் கேட்பாள்: “அப்பா இன்னும் அந்தக் கம்ப்யூட்டர் முன்னாடிதான் கிடக்கிறாரா?” உண்மை வாய் வரைக்கும் வந்துவிடும். எதிரே உட்கார்ந்து இவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

“இல்லடி, இப்பல்லாம் தொடுறதில்ல” என்று சொல்லி வைக்கிறேன்.