முறம் ஏறாத விமானம்

காலை ஆறு மணி பஸ்ஸுக்கு ஐந்து மணிக்கே கரியாலூர் நிறுத்தத்துக்கு வந்துவிட்டேன். வீட்டில் உட்கார முடியவில்லை. வந்த பிறகும் அடுப்பை அணைத்தேனா என்று ஒருமுறை, கோழிக்கூண்டைத் திறந்தேனா என்று ஒருமுறை திரும்பிப் போய்ப் பார்த்தேன். தோளில் துணிப்பை, கக்கத்தில் முறம்.

நான் போகவேண்டிய இடம் தான்சானியா. அன்றைக்குப் போனது உளுந்தூர்பேட்டைப் பக்கம் வரைதான்.

என் மகன் அண்ணாமலை போர் போடும் லாரியில் வேலைக்குப் போனவன். ஆந்திராவில் தொடங்கி ஆப்பிரிக்கா வரை போய்விட்டான். அங்கேயே நேமா என்கிற பெண்ணைக் கட்டிக்கொண்டான். போனில் பார்த்திருக்கிறேன், சிரித்த முகம். அவள் பேசுவது எனக்குப் புரியாது, நான் பேசுவது அவளுக்குப் புரியாது. அவளுக்கு இப்போது ஏழாம் மாதம். தாய் இல்லாத பெண். பிரசவத்துக்கு நீ வா என்று மகன் கூப்பிடுகிறான். பாஸ்போர்ட் வந்துவிட்டது. அவனோடு வேலை செய்கிறவர் ஒருவர் லீவு முடிந்து திரும்புகிறார், அங்கே பெரிய ஊர் வரைக்கும் அவர் துணை.

அதற்கு அப்புறம்தான் தனி. பன்னிரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம். காட்டுக்கு நடுவில் மண் தரையில் இறங்குமாம். கட்டடம் கிடையாது, ஆபீஸ் கிடையாது. "ஆத்துல தண்ணி வந்தா ஜீப்பு கொஞ்சம் லேட்டாவும்மா. நீ மரத்தடியில உக்காந்துக்கோ, வந்துடுவேன்" என்றான். அந்த ஒரு வார்த்தைதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. இந்த பஸ் எங்கே போகிறது என்று கேட்கக் கூச்சப்பட்டே எத்தனையோ பஸ்ஸை விட்டவள் நான். அங்கே யாரைக் கேட்பேன், எந்த மொழியில் கேட்பேன்? சீட்டு வேண்டுமா வேண்டாமா என்று அன்று சாயங்காலத்துக்குள் சொல்லியாகவேண்டும். இல்லாவிட்டால் அடுத்து மழைக்காலம். சேற்றில் விமானம் இறங்காதாம்.

களமருதூரில் இருக்கும் என் தங்கை பச்சையம்மாதான் வழி சொன்னாள். அவள் ஊரிலிருந்து ஆட்டோவில் போகிற தூரத்தில் ஒரு பழைய விமான மைதானம் இருக்கிறது. யுத்த காலத்தில் போட்டது, இப்போது விமானம் வருவதில்லை. "வந்து ஒருவாட்டி கண்ணால பாருக்கா. பாத்துட்டு பயப்படு" என்றாள்.

பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. கண்டக்டர் என் முறத்தைப் பார்த்தார்.

"இன்னா ஆயா, மொறத்த எங்க தூக்கிக்கினு போற?"

ஆப்பிரிக்காவுக்கு என்று வாயில் வரவில்லை. "தங்கச்சி வூட்டுக்கு" என்றேன்.

"அங்க மொறம் இல்லியா?"

பின்சீட்டில் சிரித்தார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மலை வளைவுகள் முடிந்து பஸ் கச்சிராயபாளையத்தில் இறங்கியதும் வெக்கை முகத்தில் அடித்தது. கள்ளக்குறிச்சி வர எட்டு மணி ஆயிற்று. நாற்பது கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். பஸ் நிலையத்தில் ஒரு டீ குடித்தேன், பதினைந்து ரூபாய். உளுந்தூர்பேட்டை வண்டியைப் போர்டைப் படித்து நானே கண்டுபிடித்து ஏறினேன். தியாகதுருகத்தில் மலைக்கோட்டையைப் பார் பார் என்று பக்கத்துப் பெண் பிள்ளைக்குக் காட்டினாள். நானும் பார்த்தேன், மனதில் நிற்கவில்லை. பையைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். சாமை அரிசி, சுக்கு, தேன், நான் உடுத்தி நைந்த மூன்று பருத்திச் சேலை. மகன் கணக்குப்படி பை பதினைந்து கிலோவுக்குள், அதுவும் மடங்குகிற துணிப்பையாக இருக்கவேண்டும். ஆளையும் தராசில் நிறுப்பார்களாம்.

முறம் மடங்காது. அது எனக்கும் தெரியும். ஆனால் எங்கள் வீட்டில் பிள்ளை பிறந்தால் முறத்தில் சாமையைப் பரப்பி, மேலே பழஞ்சேலை விரித்து, அதில்தான் முதலில் கிடத்துவோம். அண்ணாமலையை இந்த முறத்தில்தான் போட்டேன். ஓரத்தைப் புதிதாகக் கட்டி, சாணம் மெழுகி வைத்திருந்தேன்.

தங்கையோடு மைதானத்துக்குப் போய்ச் சேரும்போது பதினொரு மணி. நான் நினைத்தது வேறு, கண்டது வேறு. அகலமான சிமெண்டுத் தரை, கண்ணுக்கு எட்டுகிற வரை நேராகப் போகிறது. வெடிப்பில் எல்லாம் புல். இரண்டு பக்கமும் சீமைக்கருவேல மரம். விமானம் ஓடிய இடத்தில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. பெண்கள் வரிசையாகக் காலால் நெல்லைக் கீறிவிட்டுப் போனார்கள். நெல் வியாபாரி ஒருவர் தராசு வைத்திருந்தார்.

நான் ஆப்பிரிக்கா போகிற கதை முழுவதையும் தங்கை அவர்களிடம் சொல்லிவிட்டாள். செல்வி என்கிற பெண் இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டாள்:

"இன்னாக்கா, ப்ளேன் ஏற இங்கியே வந்துட்டியா? லேட்டு, இப்பத்தான் கெளம்பிச்சி!"

முறத்தால் முகத்தை மறைத்துக்கொண்டேன். விடவில்லை. பையைப் பிடுங்கித் தராசில் வைத்தார்கள். பதினேழு கிலோ. பிறகு என்னையும் ஏற்றினார்கள்.

"நாப்பத்தி நாலு. ஒரு மூட்டைக்கே தேற மாட்டீங்களேம்மா" என்றார் வியாபாரி.

"அப்ப பையோட சேத்து ஒரு மூட்டைன்னு போட்டுக்குங்க" என்றாள் செல்வி.

எல்லோரும் சாப்பிடப் போனார்கள். நான் மட்டும் தங்கையிடம் சொன்னேன்: "நான் அந்தக் கோடியில மரத்தடியில தனியா குந்திப் பாக்கறேன். நீ கூப்பிடாத."

"எதுக்கு?"

"சும்மா, பாக்கறேன்."

கடைசி வரை நடந்து போய் உட்கார்ந்தேன். இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். விமானம் போய்விட்டது, ஜீப் வரவில்லை. வெயில், காற்று, எங்கோ ஒரு மணிப்புறா. கொஞ்ச நேரத்தில் எழுந்தேன். உட்கார்ந்தேன். மறுபடி எழுந்தேன். முடியாது என்று சொல்லிவிடலாம், நேமாவுக்கு அந்த ஊர்ப் பெண்கள் யாராவது பார்ப்பார்கள் என்று முடிவுக்கே வந்துவிட்டேன்.

அப்போது முள்ளுக்குள்ளிருந்து ஒரு ஆட்டு மந்தை வந்தது. நேராக நெல்லில் வாய் வைத்தது. மேய்க்கிற ஆளைக் காணோம். பெண்கள் மறு கோடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கத்த வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. இத்தனை பேர் திரும்பிப் பார்ப்பார்களே என்று வாயை மூடிக்கொண்டேன். ஆடுகள் நெல்லை மிதித்துக்கொண்டு உள்ளே போயின.

கை தானாக முறத்தைத் திருப்பியது. சாமைக் கொல்லையில் கிளி விரட்டுவதுபோல அதன் முதுகில் உள்ளங்கையால் தட்டினேன். தட்டினதும் குரலும் வந்துவிட்டது. "ஆஹோய்! ஆஹோய்!" என்று கத்திக்கொண்டே சிமெண்டுத் தரையில் ஓடினேன். மலையில் அந்தக் குரலைக் கிளியும் காட்டுப்பன்றியும்தான் கேட்டிருக்கின்றன. ஆடுகள் தெறித்து ஓடின. அந்தப் பக்கமிருந்து எல்லாரும் எழுந்து ஓடி வந்தார்கள்.

"எக்கா! ஒன் கொரலு பேட்ட வரிக்கும் கேட்டிருக்கும்!" என்று செல்வி மூச்சு வாங்கினாள். "வாயே இல்லாத பொம்பளன்னு இல்ல நெனைச்சேன்!"

நான்கு மணிக்கு மகன் போன் செய்தான். தங்கை போனைப் பிடித்துக்கொண்டு ஆட்டுக் கதையை ஒன்றுக்கு இரண்டாகச் சொன்னாள். அவன் ரொம்ப நேரம் சிரித்தான்.

"யம்மா, இங்கயும் அதேதான். ப்ளேன் எறங்கறதுக்கு முன்ன ஆட்டையும் மாட்டையும் தொரத்தணும். ஒரு பெரியம்மா தகரத்த தட்டிக்கினு ஓடும். அது வூடு அங்கயேதான், அந்த மரத்தாண்ட."

"இத ஏண்டா நீ மொதல்லயே சொல்லல?"

"இதுல சொல்ல இன்னா இருக்குதும்மா?"

"ப்ளேன் வர்ற அன்னிக்கு அந்தம்மா கட்டாயம் இருப்பாங்களா?"

"அது இல்லாம ப்ளேனே எறங்காது."

தங்கை போனை என் பக்கம் நகர்த்தினாள்.

"சீட்டு போட்டுடு" என்றேன்.

முறத்தைப் பற்றியும் கேட்டேன். வேண்டவே வேண்டாம் என்றான். "புள்ளைய எதுலடா போடுவ?" என்றதற்கு, நேமாவைக் கூப்பிட்டு ஏதோ சொன்னான். அவள் உள்ளே போய் ஒன்றை எடுத்து வந்து போனுக்கு நேராகத் தூக்கிக் காட்டினாள். முறம்தான். வட்டமாக இருந்தது. வயிற்றுக்கு மேலே அதைப் பிடித்துக்கொண்டு புடைத்துக் காட்டினாள். எனக்கு அது புரிந்தது.

தேனில் பாதியைத் தங்கைக்கு ஊற்றினேன், சுக்கில் கொஞ்சம் எடுத்து வைத்தேன். சேலையில் கை வைக்கவில்லை. முறத்தைச் செல்வியிடம் கொடுத்தேன். வாங்கியதும் ஒரு பிடி நெல்லைப் போட்டுப் புடைத்துப் பார்த்தாள்.

திரும்பி வரும்போது கள்ளக்குறிச்சி நிலையத்தில் கரியாலூர் வண்டி எது என்று ஒருவரைக் கேட்டேன். கையைக் காட்டினார், அவ்வளவுதான். வண்டி மலை ஏறத் தொடங்கியதும் குளிர்ந்தது. கக்கம் காலியாக இருந்ததால் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நம் முறத்துக்கு முன்பக்கம் வாய் உண்டு, உமி அந்த வழியாகப் போய்விடும். சுற்றிலும் ஓரம் கட்டிய வட்ட முறத்தில் சாமையைப் புடைத்தால் உமி எந்தப் பக்கம் போகும்? வளைவுக்கு வளைவு அதையே யோசித்துக்கொண்டு வந்தேன்.