மூன்றாம் மாடிக் கூடாரம்

2023ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்து அடைமழையில்தான் சாயிரா பானு லோகப்பிரியாவை முதன்முதலாகப் பார்த்தாள். சண்டை போடுவதற்காகவே அவள் அன்று படியேறிப் போனாள்.

பீளமேட்டில் பழைய பஞ்சாலைச் சுவரை ஒட்டி நின்ற கட்டடம் அது. கணவர் இறந்தபின் தையல் இயந்திரத்தையே துணையாகக் கொண்டு இரண்டாம் மாடியில் குடியிருந்தாள் சாயிரா. அவளுடைய கூடத்துக் கூரையில், இயந்திரத்துக்கு நேர் மேலே ஓர் ஈரக்கறை தோன்றியது. முதல் வாரம் தட்டளவு இருந்தது, மறுவாரம் தாம்பாளமாயிற்று. தைக்க வந்த பட்டுத்துணி ஒன்றின்மேல் சொட்டு விழுந்த அன்று, கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக்கூட எடுத்து வைக்காமல் மூன்றாம் மாடிக் கதவைத் தட்டினாள்.

கதவைத் திறந்தவர் ராசாத்தாள். வெள்ளிக்கிழமை தவறாமல் தலைமுழுகி, வீடு முழுவதும் சாம்பிராணி காட்டுகிற அம்மாள்.

"வாங்க அம்மணி, உள்ள வாங்க. தண்ணி குடிக்கறீங்களா?"

"நான் கேக்காமயே மேல இருந்து குடுத்துட்டுத்தான இருக்கறீங்க! என் மிஷின் மேல சொட்டுதுங்க."

ராசாத்தாள் சிரித்துவிட்டார். "அது எங்க மருமக வேலைங்க. லோகு! இங்க வந்து போ, கண்ணு."

உள்ளறையில் ஒரு ஜிப் திறக்கும் ஓசை கேட்டது. அறை முழுவதையும் அடைத்துக்கொண்டு, இரும்புக் குழாய்ச் சட்டத்தின்மேல் பால்நிற நெகிழித்தாள் போர்த்திய கூடாரம் நின்றது. அதன் வாயிலிருந்து ஒரு தலை மட்டும் வெளியே வந்தது. முகத்திலும் புருவத்திலும் நீர்த்துளிகள், கையில் தெளிப்பான்.

"மன்னிச்சுக்குங்க அக்கா. இனிமே கீழ சாக்கு விரிச்சுப்போட்டுத் தெளிக்கறேன்," என்றாள் லோகப்பிரியா. "கதவை மட்டும் சாத்திப்போடுங்க. ஈரம் போயிரும்."

சண்டை அத்துடன் முடிந்தது. அந்த முகத்தோடு யாராலும் சண்டை போட இயலாது.

லோகப்பிரியாவுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. கருமத்தம்பட்டியில் விசைத்தறி வைத்திருந்த வீட்டில் மூத்த மகளாய்ப் பிறந்தவள். பின்னால் பிறந்தவன் கவின் ஒருவன்தான். வணிகவியல் படித்து, ஒரு நூல் வியாபார அலுவலகத்தில் ஐந்தாண்டு வேலை பார்த்தாள். காலை எட்டரைப் பேருந்தில் சன்னலோர இடம் பிடித்ததையே தன் வாழ்வின் பெரிய வெற்றியாகச் சொல்லிச் சிரிப்பாள். கணவன் மனோஜ்குமார் கணினி நிறுவனமொன்றில் பொறியாளன். வீட்டிலேயே காளான் வளர்க்கலாமென்று எங்கோ ஒரு நாள் பயிற்சிக்குப் போய்வந்து, கூடாரத்தை வாங்கிவந்தவன் அவனே. "வீட்டுலயே இருக்கற மாதிரி ஒரு வேலை. உனக்கும் அலைச்சல் இல்லையல்ல?" என்று அன்பாகத்தான் கேட்டான். அவள் வேலையை விட்டாள்.

கூடாரத்துக்குள் சிப்பிக் காளான் படுக்கைகள் உறிபோல் தொங்கின. வைக்கோலை வேகவைத்து ஆற்றி, நீண்ட நெகிழிப் பைகளில் வித்தோடு அடுக்கிக் கட்டியவை அவை. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பனிபோல நீர் தெளிக்க வேண்டும். காலையும் மாலையும் பக்கத்து மடிப்பைத் தூக்கிக் காற்று விட வேண்டும். வெளியே போய்வந்தால் குளித்துவிட்டே உள்ளே நுழைய வேண்டும். மூன்று மணி நேரத்துக்குள் எந்த ஊருக்குப் போய் யாரைப் பார்த்துத் திரும்ப முடியும்? காய்கறிச் சந்தைவரைக்கும் போகலாம். பிறகு அங்கும் ராசாத்தாளே போய்வரத் தொடங்கினார்.

சாயிரா மாலையில் ஒரு தேநீர்க் குவளையோடு மேலே போவாள். வெளியாள் கூடாரத்துக்குள் வரக்கூடாது என்பதால் அதன் வலைச்சன்னலுக்கு இப்புறம் முக்காலி போட்டு உட்கார்வாள். உள்ளிருந்து நிழலும் குரலும் வரும்.

"என்ன கண்ணு, உள்ள ஊட்டி மாதிரி இருக்குதா?"

"ஊட்டிக்குப் போனா திரும்பி வரலாமுங்க அக்கா."

அந்த வீட்டில் ஒருவரும் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. எல்லாச் சொல்லும் 'ங்க'வோடுதான் முடியும். வேண்டாம் என்பதைக்கூட வெல்லம் தடவித்தான் கொடுப்பார்கள். அடித்தாலாவது காயத்தைக் காட்டி அழலாமே என்று சாயிரா நினைத்ததுண்டு.

மறுவருடம் ஆவணியில் கவினுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. அன்று வலைச்சன்னலுக்கு அப்பாலிருந்து வந்த குரலே வேறாக இருந்தது.

"பானு அக்கா, எனக்கு இணைச்சீர் இருக்குது!"

கொங்கு நாட்டுக் கல்யாணத்தில் தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளையின் உடன்பிறந்தவளுக்குச் செய்யும் சீர் அது. கூறைச்சேலையை ஏந்தி அவள் தம்பியின் பக்கத்தில் நிற்க வேண்டும். கட்டிக்கொடுத்துவிட்டாலும் பிறந்த வீட்டில் உனக்கு இடம் உண்டு என்று ஊரறியச் சொல்கிற நேரம். வாழ்நாளில் அவளுக்கு அது ஒருமுறைதான் வரும், தம்பி ஒருவன்தானே.

"பச்சைப் பட்டுக்கு அரக்கு ஜாக்கெட். பின்னால கொக்கி வெச்சுத் தைங்க அக்கா. எல்லாரும் என்னையத்தான் பார்ப்பாங்க."

"அப்போ பொண்ணைப் பார்க்கமாட்டாங்களா?"

"அவளை அப்புறமாப் பார்த்துக்கட்டும்!"

அளவெடுப்பதற்காகக் கூடாரத்தை விட்டு வெளியே வந்தவள் ஐந்து நிமிடம்தான் நின்றாள். சாயிரா நாடாவைச் சுற்றியபோது முந்தைய அளவைவிட இரண்டு அங்குலம் இளைத்திருந்தாள். விரல் நுனிகள் நனைந்து நனைந்து சுருங்கியிருந்தன.

ஆவணியில் பிறக்கும் படுக்கைகள் புரட்டாசியில் விலைபோகும். ஊரெல்லாம் கறியை விட்டுவிட்டுக் காளானைத் தேடுகிற மாதம் அது. அந்த நேரம் பார்த்துக் காளான்கள் கெடத் தொடங்கின. காம்பு விரல் நீளத்துக்கு வளர்ந்து, குடை பொத்தான் அளவில் நின்றுவிட்டது. மனோஜ்குமார் கைபேசியில் தேடிப் பார்த்துவிட்டு, உள்ளே காற்றுக் கெட்டிருக்கிறது என்றான்.

"நீ மடிப்பை நேரத்துக்குத் திறக்கறதில்லையாட்ட இருக்குது, லோகு."

அன்றிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மடிப்பைத் திறக்க வேண்டும் என்றாயிற்று. அவள் திறந்தாள். காம்புகள் மேலும் நீண்டன.

காரணத்தைக் கண்டுபிடித்தவள் சாயிரா. கல்யாணத்துக்கு இரண்டு நாளுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, ரவிக்கையைக் கொடுக்க மேலே போனாள். ராசாத்தாள் தூபக்காலோடு வீட்டைச் சுற்றி வந்து, ஆவணி பிறந்ததிலிருந்து வெள்ளிதோறும் செய்வதுபோல, கடைசியில் கூடாரத்தின் ஜிப்பைத் திறந்தார். வீட்டுக்குச் சோறு போடுகிற இடமாயிற்றே; அதற்கும் காட்ட வேண்டாமா? உள்ளே நாலு சுற்றுப் புகை போட்டு, புகை வெளியே போய்விடாதபடி பத்திரமாக ஜிப்பை இழுத்து மூடினார். கண்ணை ஒற்றிக்கொண்டு கும்பிட்டார்.

அவர் அப்பால் போனதும் சாயிரா வலையருகே குனிந்தாள். "ஏ கண்ணு, இந்தப் புகைதான்! இதுலதான் உன் காளானுக்கு மூச்சு முட்டுது."

உள்ளிருந்து இருமல் வந்தது. பிறகு, "தெரியுமுங்க அக்கா," என்றது குரல்.

"தெரிஞ்சா சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"சாமிக்குக் காட்டறதைக் குத்தம் சொன்னேன்னு ஆயிருமுங்க. ஞாயித்துக்கிழமை கல்யாணம். போய்ட்டு வந்து சொல்லிக்கறேன்."

சனிக்கிழமை காலை மனோஜ்குமார் கூடாரத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்தான். படுக்கை எல்லாம் மொட்டுவிட்டிருக்கிறது. இந்த இரண்டு நாளும் ஆள் இல்லாவிட்டால் புரட்டாசிக்கு ஒன்றும் மிஞ்சாது என்றான். மருமகன் போகாவிட்டால் மாமனார் வீட்டாருக்கு மரியாதைக் குறைவு. சம்பந்தியம்மாள் போகாவிட்டால் பேச்சாகிவிடும். மிச்சம் இருந்தது ஒருத்திதான்.

"உங்க சித்தப்பா பொண்ணு கீதா இருக்குதல்ல, அது நின்னுக்கட்டும் கண்ணு. அதுவும் தங்கச்சி முறைதான்," என்றார் ராசாத்தாள்.

பட்டுச்சேலைக்கு ஓரம் அடித்துக் கொண்டுவந்திருந்த சாயிராவால் பொறுக்க முடியவில்லை. "தம்பி, காளான் கெட்டது இந்தப் புள்ளையாலே இல்லைங்க. வெள்ளிக்கிழமை தவறாம உள்ள சாம்பிராணி போட்டு மூடறாங்க. ரெண்டு நாள் நான் தண்ணி தெளிக்கறேன். இவளைக் கூட்டிட்டுப் போங்க."

மனோஜ்குமார் தாயைப் பார்த்தான். ராசாத்தாளின் முகம் வெளுத்தது. பிறகு பழையபடி மலர்ந்தது.

"அப்படியாங்க? நல்லவேளை சொன்னீங்க அம்மணி. இனிமே போடலைங்க." தூபக்காலை எடுத்து ஓரமாக வைத்தார். "ஆனா தண்ணி தெளிக்க ஆள் வேணுமல்லங்க? தப்பா நினைச்சுக்காதீங்க. வேற கை பட்டாக் காளான் சோர்ந்து போயிருமுங்க."

சாயிரா தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். காலையில் கழுவிய கைகள்தாம். மனோஜ்குமார் தரையைப் பார்த்தபடி, "அடுத்த விசேஷத்துக்குப் போய்க்கலாமுங்க அக்கா," என்றான். கவினுக்கு அடுத்த கல்யாணம் ஏது என்று கேட்க அங்கே ஒருவருமில்லை. லோகப்பிரியா நேரமாகிவிட்டதென்று தெளிப்பானை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

கெட்டிருப்பது காளான் மட்டும்தான் என்று நினைத்து உண்மையைச் சொல்லிவிட்டோம். காளான் நன்றாகவே இருந்திருந்தாலும் இவளை விட்டிருக்க மாட்டார்கள் என்பது சாயிராவுக்குப் படியிறங்கும்போதுதான் புரிந்தது.

புரட்டாசி முடிந்ததும் அந்தக் குடும்பம் மேட்டுப்பாளையத்துக்கு அப்பால், மலையடிவாரத்துக்குக் குடிபோயிற்று. அங்கே குளிர்ச்சி அதிகம், கூடாரங்கள் நான்கு. அதுவரைக்கும் மாலைத் தேநீரும் முக்காலியும் இருந்தன. ஆனால் லோகப்பிரியா சாயிராவிடம் எதையும் கேட்கவில்லை. கடைசியாகக் கேட்டது அந்தக் கல்யாண ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில்தான்.

தண்ணீர்க் குழாயில் மூன்று தட்டு கேட்டது. மேலே வாருங்கள் என்று அவர்களுக்குள் பொருள். சாயிரா போனபோது வீட்டில் வேறொருவரும் இல்லை. கூடாரத்தின் ஜிப் பாதி திறந்திருந்தது. உள்ளே பச்சைப் பட்டும் அரக்கு ரவிக்கையுமாக லோகப்பிரியா முதுகைக் காட்டி நின்றாள். தொங்கும் பை ஒன்றில் சாய்த்து வைத்த கைபேசியில் கருமத்தம்பட்டி மண்டபம் தெரிந்தது. கவினுக்குப் பக்கத்தில் கீதா நின்றாள்; கையில் கூறைச்சேலை. அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று யாரோ யாரிடமோ சொல்வது கேட்டது.

"பின்னால கொக்கி எட்டலைங்க அக்கா. மாட்டிவிடறீங்களா?"

வேற்றுக்கை படக்கூடாத அந்த இடத்துக்குள் சாயிரா இரண்டு கைகளையும் நீட்டி, ஐந்து கொக்கிகளையும் ஒவ்வொன்றாக மாட்டினாள். ரவிக்கை தளர்ந்திருந்தது. இரண்டு வாரத்தில் மறுபடியும் இளைத்திருக்கிறாள்.

"வா கண்ணு, இப்பவே ஆட்டோ பிடிச்சா முகூர்த்தத்துக்காவது போயிரலாம்," என்றாள்.

லோகப்பிரியா திரும்பவில்லை. கைபேசியில் நாதசுரம் உயர்ந்தது. அவள் தலையைக் குனிந்து, பட்டு நனையாதபடி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தெளிப்பானைக் கையிலெடுத்தாள்.

"வெளியே இருந்து ஜிப்பை இழுத்துவிட்டுட்டுப் போங்க அக்கா. ஈரம் போயிரும்."