நான் சொன்னது 3.6, அவர் எழுதியது 4.6

1998 மார்ச் மாதம், ஒரு சனிக்கிழமை காலை. நியூ ஜெர்சியில் ஈஸ்ட் பிரன்ஸ்விக் பக்கம் ஒரு பள்ளி மைதானம். ஓரங்களில் பனி இன்னும் கரையாமல் அழுக்காகக் கிடந்தது. அந்தக் காலையை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம்தான் முதலில் வருகிறது.

சாஃப்ட்வேர் வேலைக்காக நான் அமெரிக்கா வந்து அப்போது ஒன்றரை வருடம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கர்வம் உண்டு. சிபாரிசு செய்ய ஆள் இல்லாத வீட்டிலிருந்து வந்த எனக்காக எங்கும் பேசியது என் மார்க் மட்டும்தான். அதனால் ஒரு தாளில் ஒரு எண்ணை எழுதியிருந்தால் அது உண்மையாகத்தான் இருக்கும் என்று நம்பி வளர்ந்தவள்.

எங்கள் அபார்ட்மென்டில் கீழ் வீட்டில் ஈரோட்டுக் குடும்பம் ஒன்று இருந்தது. அங்கிள், ஆன்ட்டி, பத்து வயதில் ஒரே பையன். அவனுக்கு பேஸ்பால் பைத்தியம். கார் நிறுத்தும் இடத்துச் சுவரில் பந்தை எறிந்து எறிந்து பிடிப்பான். அந்தச் சத்தத்தில்தான் என் சனி, ஞாயிறு விடியும். ஊர் லீகில் சேர அன்று அவனுக்குத் தேர்வு. அங்கிளின் கார் ரிப்பேரில் இருந்ததால் நான்தான் இருவரையும் அழைத்துப் போனேன்.

பிள்ளைகளின் முதுகில் நம்பர் ஒட்டி, குழு குழுவாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு கோச். ஓட்டம், எறிதல், பிடித்தல், அடித்தல் ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு இத்தனை என்று அவர் மார்க் போடுவார். பிறகு அந்தத் தாள்களை நடுவில் வைத்துக்கொண்டு எல்லாக் கோச்சுகளும் முறை வைத்துத் தங்கள் அணிக்குப் பிள்ளைகளை எடுப்பார்கள்.

உதவிக்கு ஆள் வேண்டும் என்று கேட்டபோது அங்கிள் என்னைத் தள்ளிவிட்டார். “நீதான் இன்ஜினீயராச்சே, போம்மா.” ஸ்டாப்வாட்ச் என் கைக்கு வந்தது. மட்டை பிடிக்கும் இடத்திலிருந்து முதல் பேஸ் என்கிற அடுத்த முனை வரை ஒவ்வொரு பிள்ளையும் ஓட, நான் நேரத்தை உரக்கச் சொல்ல, கோச் எழுதிக்கொண்டார். பெரும்பாலான பிள்ளைகளுக்கு நாலு வினாடிக்கு மேல் ஆனது. நம் பையனுக்கு 3.6. அந்தக் குழுவிலேயே அவன்தான் முதல். அவனுக்கு அடித்துப் போட்ட பந்துகளில் ஒன்றைக்கூட அவன் விடவில்லை.

எல்லாம் முடிந்ததும் அங்கிள் நேரே கோச்சிடம் போய், என் பையனுக்கு எவ்வளவு மார்க் என்று கேட்டார். அங்கே வேறு எந்தப் பெற்றோரும் அதைக் கேட்கவில்லை. நம்மவர்களால் கேட்காமல் இருக்க முடியுமா? கோச் திகைத்து, தயங்கி, கடைசியில் தாளைக் காட்டினார்.

எல்லாமே இரண்டு. நேரம் 4.6.

நான் சொன்னது 3.6. பட்டனைத் தப்பாக அழுத்திவிட்டேனோ என்று என் மேலேயே சந்தேகம் வந்தது.

காரில் ஏறியதும் அங்கிள் ஆரம்பித்தார். “பாத்தியாம்மா, இவன் என்னமோ பெரிய ப்ளேயர்னு ஒரு வருசமா உசுர வாங்கறான். அடுத்த வாரத்துல இருந்து சாட்டர்டே மேத்ஸ் கிளாஸ்தான்.” மகன் பந்து பிடித்ததை அவர் இரண்டு கண்ணாலும் பார்த்தவர். ஆனாலும் தாளைத்தான் நம்பினார்.

பின்சீட்டிலிருந்து பையன் என்னைக் கேட்டான். “ஆன்ட்டி, யூ ஹெல்ட் த வாட்ச். வாஸ் ஐ ஸ்லோ?”

நான் சொன்னது இதுதான்: “தெரியலை கண்ணா. அவங்க பார்த்துத்தானே எழுதியிருப்பாங்க.”

கண்ணாடியில் பார்த்தேன். பேஸ்பால் கையுறையைக் கழற்றிக் காலடியில் போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தான். இரண்டு சிக்னல் தாண்டும் வரைதான் என்னால் தாங்க முடிந்தது. 3.6 என்று சொன்னது என் வாய். அதை நானே எப்படி மறுத்தேன்? காரைத் திருப்பினேன்.

“ஏம்மா, எதையாவது உட்டுட்டு வந்துட்டியா?” என்றார் அங்கிள்.

கோச்சுகள் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் 3.6 என்றுதானே சொன்னேன் என்று அந்தக் கோச்சிடம் கேட்டேன். அவர் சுற்றிலும் பார்த்துவிட்டு, ரகசியம் சொல்வது போலக் குனிந்து கண்ணடித்தார். உள்ளதை எழுதினால் முதலில் எடுக்கும் கோச் இவனைக் கொத்திக்கொண்டு போய்விடுவாராம். இரண்டு போட்டால் யாரும் சீண்ட மாட்டார்கள், நாலாவது சுற்றில் தன் அணிக்கே வந்துவிடுவானாம். “இது அவனுக்குப் பாராட்டு” என்றார். ஏதோ எனக்குப் பரிசு கொடுப்பது போன்ற முகம்!

அந்தப் பாராட்டைக் கேட்டுத்தான் ஒரு குழந்தை என் காரில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்றேன். சின்னப் பையன், மறந்துவிடுவான் என்றார் அவர்.

பின்னாலேயே வந்த அங்கிளுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. “அப்ப நல்லதுதானம்மா! ஆசப்பட்டுத்தான் அப்படி எழுதியிருக்காரு. உடு, வந்த எடத்துல நமக்கெதுக்கு வம்பு?”

“வம்பா அங்கிள்? இவ்வளவு நேரம் அவனை என்னவெல்லாம் சொன்னீங்க?” என்று கத்தியே விட்டேன். பெரியவரிடம் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

லீகின் பொறுப்பாளரான அம்மாளிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் அதிர்ச்சி அடைவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ சிரித்தார்! வருடா வருடம் யாராவது ஒருவர் இப்படிச் செய்வதுதானாம். சரி, மறுபடி ஓடச் சொல்லுங்கள் என்று இரண்டு கோச்சுகளை நிறுத்தி வைத்தார்.

பையன் காரைவிட்டு இறங்க மறுத்தான். கதவைத் திறந்து, அவன் பக்கத்தில் குனிந்து, “நீ ஸ்லோ இல்லை. 3.6. எனக்குத் தெரியும். தெரியலைன்னு நான் சொன்னது பொய்” என்றேன்.

அவன் என்னை நேராகப் பார்த்தான். “தென் ஒய் டிட் யூ சே இட்?”

எனக்குப் பதில் வரவில்லை. நான் தடுமாறியதைப் பார்த்து இரக்கப்பட்டானோ என்னவோ, இறங்கி வந்தான். கனமான ஜாக்கெட்டோடு, சிவந்த கண்ணோடு ஓடினான். 3.9. இந்த முறை அதே கோச் ஒரு புள்ளி மாற்றாமல் அப்படியே எழுதினார். உண்மையான 3.6 எந்தத் தாளிலும் ஏறவே இல்லை.

அடுத்த வாரம், அவன் மறுபடி ஓடியதை நின்று பார்த்த இன்னொரு கோச் அவனை இரண்டாம் சுற்றில் எடுத்தார். அந்த வருடம் நன்றாகத்தான் ஆடினான். ஆனால் ஒவ்வொரு முறை ஓடி முடித்ததும், யாராவது எழுதுகிறார்களா என்று ஓரத்தில் தேடிப் பார்ப்பான். முன்பெல்லாம் அவன் அப்படிப் பார்த்ததே இல்லை.

போன மாதம் என் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, என்னோடு வேலை செய்யும் ஒரு பெண்ணைப் பற்றிய மதிப்பீட்டில் கொஞ்சம் குறைத்து எழுதச் சொன்னார். நன்றாக எழுதினால் வேறு பிராஜெக்டுக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவார்களாம். முடியாது என்றேன். தைரியம் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்; அந்தப் பெண்ணும் ஒரு நாள் என் முகத்தைப் பார்த்து ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டால், இரண்டாவது முறையும் பதில் இல்லாமல் நிற்க என்னால் ஆகாது.