நாக்கில் செத்த சீனி

ராத்தாவுக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு என்று மாத்தளை ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னபோது, அவள் கேட்டது ஒரே கேள்விதான்: "நோன்பு பிடிக்கலாமா?" சிறுநீரைச் சோதித்த குழாயில் நிறம் செங்கல் சிவப்பாக இருக்கிறது, இப்படியே இருந்தால் கூடவே கூடாது, வாயைக் கட்டிப் பச்சைக்கு இறக்கிக்கொண்டு வாருங்கள் என்றார் அவர். விவரம் தெரிந்த நாள் முதல் ஒரு நோன்பையும் சும்மா விட்டவள் அல்ல, என் கூடப்பிறந்த மூத்தவளான ராத்தா. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அழுதாள்.

அறுபதுகளின் தொடக்கம் அது. நான் பெண்கள் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அந்த நிறப் பரிசோதனை எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. நீலக் கரைசலில் சில துளி சிறுநீரை விட்டுக் கொதிக்கவைக்க வேண்டும். சீனி இல்லையென்றால் நீலம் நீலமாகவே இருக்கும். ஏற ஏறப் பச்சை, மஞ்சள், கடைசியில் செங்கல் நிறம். அதிபரிடம் கேட்டு ஒரு போத்தல் கரைசலை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நான் குசினி அடுப்புக்குப் பக்கத்தில் ஸ்பிரிட் விளக்கை ஏற்றிச் சிறுநீரைக் கொதிக்கவைத்ததிலிருந்து ராத்தாவின் கணவர் அந்தப் பக்கமே வரவில்லை.

அந்த மச்சான்தான் பல்லேபொலவுக்குக் கராம்பு வாங்கப் போனபோது வேலியில் படர்ந்த குறிஞ்சா இலையைப் பறித்து வந்தார். சீனிக்கு நல்லது என்று யாரோ சொன்னார்களாம். ராத்தா இரண்டு இலையை மென்று, மேலே ஒரு கரண்டி சீனியைப் போட்டாள்.

"புள்ள, சீனி செத்துப்போச்சு! வாயிலயே சாகுதுன்னா ஒடம்புல சாகாதா?"

நானும் மென்றேன். சீனி ஆற்றுமணலாக நறநறத்தது. கித்துள் பாணிப் பாகு வெறும் பிசின். உப்பு மட்டும் உப்பாகவே இருந்தது! எனக்குத் தலைகால் புரியவில்லை. வாழைப்பழத்திலிருந்து தொதல் வரை வீட்டில் இருந்த இனிப்பையெல்லாம் நக்கிப் பார்த்தேன்.

அன்றிலிருந்து சாப்பாட்டுக்கு முன்னால் ராத்தா இலை மென்றாள். நிறம் மஞ்சளானது, பிறகு பச்சை. வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அவல் கிடைத்தால் விடுவாளா? தெருவெல்லாம் குறிஞ்சா புராணம்தான்.

எனக்குத்தான் அரித்தது. ருசி போனதால் அவள் இனிப்பையே தொடுவதில்லை. அப்படியானால் இலை உள்ளே போய் வேலை செய்கிறதா, இல்லை வாசலிலேயே நின்று காவல் காக்கிறதா? இலையையும் மென்று, வட்டிலப்பம் மாதிரி இனிப்பையும் பழையபடி சாப்பிட்டால்தானே தெரியும்? விஷப் பரீட்சைதான். ஒரு தடவை மட்டும் என்று கெஞ்சினேன்.

"ருசியில்லாம எப்பிடி திங்கிற?"

"மருந்துன்னு நெனச்சித் தின்னுங்க ராத்தா."

என்னை முறைத்துக்கொண்டே களிமண்ணை விழுங்குவதுபோல் விழுங்கினாள். அடுத்துக் கொதிக்கவைத்த குழாய் செங்கல் சிவப்பு.

"பாத்தீங்களா! எல சீனியக் கொல்லல. ஆசையத்தான் கொல்லுது!"

"என்ட வருத்தமே அந்த ஆசதானே, புள்ள."

எனக்குக் கோபம் வந்தது. ஒரு தடவை பார்த்து எதையும் முடிவு கட்ட முடியாதுதான். ஆனால் மறுபடி அவள் சம்மதிக்கவில்லை. இலையோடு வாயையும் கட்டிப் பச்சைக்குத் திரும்பினாள். தலைசுற்றினால் உடனே நோன்பை விட்டுவிட வேண்டும் என்று சொல்லி டாக்டர் அனுமதித்தார்.

முதல் நோன்பு. மாலையில் நோன்பு திறக்கும் மஃரிப் பாங்கு சொன்னதும் இலையை நீட்டினேன். ராத்தா என் கையைத் தள்ளிவிட்டு ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக மென்றாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. பக்கத்தில் வட்டிலப்பத் தட்டு. ஏசுவதற்காக நான் வாயைத் திறப்பதற்குள் அவளே கையை நீட்டினாள்.

"ஒரு பழம் போதும். இனி எலயத் தா."