ஈசானிய மூலைக் கிணறு

மலேசியாவில், ரந்தாவ் பக்கம் எங்கள் வரிசை வீடுகளில் பைப்புத் தண்ணீர் நின்று ஒரு வாரம் ஆகியிருந்தது. மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். பேரன் பிறந்து பதினெட்டு நாள். வேலிக்கு அந்தப் பக்கத்து அக்காவுக்குச் சொந்தக் கிணறு உண்டு. தண்ணீர் அங்கிருந்துதான். பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுவதும் அவர்தான். எனக்கு அந்தக் கைப்பழக்கம் இல்லை.

ஆனாலும் தினம் வாளியோடு போய் நிற்க எனக்கு ரோஷம். நாமும் ஒரு கிணறு தோண்டுவோம் என்று வீட்டுக்காரரைப் பிடுங்கி எடுத்தேன். கிணறு என்றால் ஈசானிய மூலைதான். வடகிழக்கில் பின்வேலியோரமாகக் குச்சி அடித்தோம்.

அக்கா எட்டிப் பார்த்தார். "அந்த மூலை வேணாம்லா. வாழைப் பக்கம் தோண்டுங்க."

"ஏன்க்கா?"

"வேணாம்னா வேணாம்."

காரணம் சொல்லாத பேச்சுக்கு என்ன மரியாதை? தன் கிணற்று ஊற்று குறைந்துவிடும் என்று பயப்படுகிறார் என நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

வீட்டுக்காரர் தோண்டினார், நான் மண்ணை வாளியில் இழுத்துக் கொட்டினேன். மூன்றாம் நாள் கழுத்தளவில் கறுப்பு மண் வந்தது, பிறகு தண்ணீர். லேசாக வாடை அடித்தது. புதுக் கிணறு அப்படித்தான் என்றேன். அன்று மாப்பிள்ளையின் அம்மா வந்திருந்தார். அவர் பார்க்க, முதல் தண்ணீரிலேயே பேரனைக் குளிப்பாட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. சுடவைத்துக் கொண்டுவந்து, பிள்ளையைத் தூக்கினேன்.

அக்கா செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தார். "அந்தத் தண்ணிய புள்ள மேல ஊத்தாத!"

"எங்க வீட்டுல தண்ணி வந்தா உங்களுக்கு ஏன்க்கா வயிறு எரியுது?"

எல்லோர் முன்னாலும் கேட்டேன். அவர் சம்பந்தியம்மாவை ஒரு தரம் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "முன்னாடி இங்க தோட்டத்து லயம் இருந்தப்ப, கக்கூஸ் வாளியெல்லாம் அந்த மூலைலதான் கொட்டுறது. கொட்டுனது வேற யாருமில்ல. எங்கம்மாவும் நானும்."

இருபது வருஷப் பழக்கத்தில் அவர் வாயிலிருந்து வராத பேச்சு அது. என் நாக்கு பிடுங்கி எடுத்துவிட்டது.

எழுதவே கூசுகிறது, இருந்தாலும் எழுதுகிறேன். பிள்ளையை வாங்க அவர் கை நீட்டினார். நான் பிள்ளையை அணைத்துக்கொண்டு ஓரடி பின்னால் போனேன். அடச்சீ, நானும் ஒரு மனுஷியா!

அவர் கையை மடக்கிக்கொண்டார். "பயப்படாத, தொட மாட்டேன். தண்ணி வேணும்னா உன் வீட்டுக்காரரையே வந்து எறைச்சுக்கச் சொல்லு."

அன்றே குழியை மூடினோம். மறுநாள் அவர் கிணற்றுத் தண்ணீரில், நானே காலை நீட்டி உட்கார்ந்து பிள்ளையைக் குளிப்பாட்டினேன். அவன் வீறிட்டான். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அக்கா பதறினார்: "தலைய பிடி, தலைய பிடி."

வாய் ஓயாமல் பேசுகிற எனக்கு, "வாங்கக்கா" என்று ஒரு வார்த்தை வரவில்லை.